படுக்கையில் கிடப்பவர் கையில் செல்போன்

ஆசிரியர் அவர்களுக்கு,

பக்கவாதத்தில் படுத்துவிட்ட பெரியப்பாவைப் பாளையங்கோட்டை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். நாங்கள் வேலைக்குப் போனபின் அவருக்குத் துணை செல்போன்தான். ஒருநாள், ஏழு வருஷமாகப் பால் ஊற்றும் அண்ணாச்சி வாசலில் நிற்கும்போதே பெரியப்பா, "அவன இனிமே நடையேத்தாதலே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யாரோ சேர்த்துவிட்ட வாட்ஸ்அப் குழுவில் ராப்பகலாகச் சாதி வெறுப்பு வீடியோக்கள். அப்புறம் பார்த்தால், பென்ஷன் பணத்திலிருந்து 'நன்கொடை'யும் போயிருக்கிறது.

2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சாதி வெறியில் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு இளைஞர்களைப் பற்றி நிறையப் பேசினோம், சரி. வீட்டோடு கிடப்பவர்கள்?

பிரிட்டனில், ஒருவர் தீவிரவாதத்தின் பக்கம் இழுக்கப்படாமல் காப்பதில் சுகாதாரத் துறைக்கும் உள்ளாட்சிகளுக்கும் 2015-ஆம் ஆண்டுச் சட்டமே பொறுப்புக் கொடுத்திருக்கிறது. இங்கே 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தின் பணியாளர்கள் வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். அந்தச் சகோதரிகளுக்கும் ஹோம் நர்ஸ்களுக்கும் இதையும் கவனிக்கப் பயிற்சி கொடுக்க வேண்டும். அது உளவு வேலையாகிவிடக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆள் வேண்டும்.

இப்போது தினமும் சாயங்காலம் பெரியப்பாவோடு உட்காருகிறேன். நேற்று பால் அண்ணாச்சியிடம், பாபநாசம் அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று அவரே கேட்டார்.

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை