பூ விழும் உருளையைக் காட்டியவர்களுக்கு

முதல் நன்றி கரவெட்டித் தம்பிக்கு. இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம், சுவரில் ஒட்டும் வோல்பேப்பர் அச்சிடுகிற பக்டரி ஒன்றில் நிறம் கலக்கிறவர். மகளிடம் போயிருந்தபோது மருமகனின் சிநேகிதராகச் சாப்பாட்டுக்கு வந்தார். நான் சித்திர ரீச்சர் என்று தெரிந்ததும், "அன்ரி, மெசின் ஓடுறதை ஒருக்கா வந்து பாருங்கோவன்" என்றார். மேலாளரிடம் அனுமதி எடுத்து, தன் லீவு நாளில் கூட்டிக்கொண்டும் போனார்.

அந்தப் பக்கத்தில் இது பழைய தொழில். சீத்தைத் துணியில் பூ அச்சிட்டு வந்த டார்வன் நகரத்துப் பொட்டர் குடும்பத்தார், அந்த உருளை முறையைக் கடதாசிக்கு மாற்றி 1839இல் காப்புரிமை எடுத்தார்கள். பூப்போட்ட கடதாசிக்கு 1712இல் போட்ட வரி 1836இல்தான் நீங்கியிருந்தது. உருளை வருமுன் இது மரக்கட்டையால் ஒவ்வொரு நிறமாகக் கையால் ஒற்றிய வேலை. சீத்தை சோழமண்டலக் கரையிலிருந்து அவர்களுக்குக் கப்பலேறிய சரக்கு என்ற நினைப்பு எனக்கு வந்தது. விருந்தாளி என்பதால் வாய் திறக்கவில்லை.

மெசினைப் பார்க்க வேண்டும்! நடுவில் ஆளுயரத்துக்கு மேலான பெரிய உருளை. அதைச் சுற்றிச் சிறிய உருளைகள், நிறத்துக்கு ஒன்று. பூவும் இலையும் அவற்றில் புடைத்து நிற்கின்றன. தட்டிலுள்ள நிறத்தை ஒரு துணிப்பட்டி ஓயாமல் சுற்றி எடுத்துவந்து அந்தப் புடைப்பில் பூசுகிறது. ஒரு நிறம் காயுமுன் அடுத்தது விழுவதால் ஓரங்கள் லேசாகக் கசிந்து, தூரிகையால் தீட்டியதுபோல வரும். நிறத்துக்கு நிறம் காயவைத்து அச்சிடும் மெசின்களும் உண்டாம், கோடு கத்தியால் வெட்டியதுபோல இருக்குமாம். எனக்குக் கசிந்ததுதான் வடிவு. பிறகு கடதாசி மடிமடியாகத் தொங்கியபடி சூடான காற்றுக்குள் போய்க் காய்கிறது.

மெசினை ஓட்டிய பெரியவருக்குத் தனி நன்றி. வேகத்தைக் குறைத்து, ஒரு திருகாணியை மயிரிழை திருப்பி, இலை பூவை விட்டு விலகுவதையும் திரும்பிச் சேருவதையும் காட்டினார். அவருடைய ஆங்கிலம் எனக்கு அரைவாசிதான் பிடிபட்டது. ரோல்களைப் பரிசோதிக்கும் அம்மா, ஒரே ஓட்டத்தில் அச்சான ரோல்களுக்கு ஒரே இலக்கம் போடுவதைக் காட்டினார். இலக்கம் மாறினால் சுவரில் நிறமும் மாறித் தெரியுமாம். புது வீடு கட்டுகிறவர்கள் கவனியுங்கோ. (எங்கள் பழைய சுண்ணாம்புச் சுவர்கள் மாரியில் ஈரம் குடிக்கும், அவற்றில் ஒட்டுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.)

எனக்கு வேண்டியது வேறு. தொடர் அலங்காரம் வரையும்போது பிள்ளைகளுக்கு ஓரங்கள் பொருந்துவதில்லை, பூ பாதியில் அறுந்து நிற்கும். உருளைக்கு ஓரமே இல்லை. முடிகிற இடத்திலேயே தொடங்குகிறது. அதன் ஒரு சுற்றளவுதான் கோலத்தின் நீளம். இதை எத்தனை வருடம் கரும்பலகையில் விளங்கப்படுத்தப் பார்த்திருப்பேன்!

யாழ்ப்பாணம் திரும்பியதும் பால்மா ரின்னில் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டி, நிறம் பூசி உருட்டினோம். காசு வாங்காமல் ரியூப் தந்த கொக்குவில் சைக்கிள் கடை அண்ணைக்கும், பத்திரிகை ரோலில் மிஞ்சிய கடதாசியைத் தந்ததோடு வகுப்புக்கே வந்து, இரண்டாவது நிறத்தை இடம் பிசகாமல் வைக்க அடையாளப்புள்ளி போடப் பழக்கிய அச்சக ஐயாவுக்கும் பிள்ளைகள் சார்பில் நன்றி. நிறம் பட்ட சட்டைகளைத் தோய்த்த தாய்மாருக்கும்தான். வேம்பிலையும் பூவரசம்பூவுமாக அச்சான நீளக் கடதாசிகள் மண்டபத்தில் தொங்குகின்றன.

தம்பி, இன்னுமொரு உபகாரம். பொன்னிறத்தை எல்லாவற்றுக்கும் கடைசியிலா அடிக்கிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்தப் பெரியவரிடம் கேட்டு எழுதுங்கோ.