கதவு வரைக்கும்

அன்புள்ள கமலா,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாதது என் தப்புதான். இங்கே எல்லாரும் நலம். முட்டிவலி எப்படி? டாக்டர் சொன்னபடி தினமும் நடக்கிறாயா, இல்லை ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிவிட்டு நீ மட்டும் உட்கார்ந்திருக்கிறாயா?

போன வாரம் நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன், நன்றாகப் படிப்பவன், ஒரு மாதமாகக் கடைசி வரிசைக்குப் போய்விட்டான். திருத்திய தாளைக் கொடுத்தால் மதிப்பெண்ணைக்கூடப் பார்க்காமல் நான்காக, எட்டாக மடித்துக்கொண்டே இருந்தான். வகுப்பு முடிந்ததும் நிறுத்தி, "சரியா தூங்குறியா?" என்று கேட்டேன். "நாலு மணி வரைக்கும் முழிச்சிட்டிருக்கேன் மேடம்" என்றான். அதற்குமேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை.

செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டுவிட்டேன். கை நடுங்கியது. அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்று பயந்தவர்கள்தானே நாம்! அது தவறு, கமலா. கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. சொல்ல ஒரு வழிதான் கிடைக்கிறது. "அந்த அளவுக்கு இல்ல மேடம், ஆனா முடியல" என்றான்.

முன்பெல்லாம் 'ஆலோசனை மையத்துக்குப் போ' என்று சொல்லி அனுப்பிவிடுவேன். ஆனால் எங்கள் மையம் இருப்பது அலுவலகத்துக்கு எதிரே. கட்டணம் கட்ட நிற்கும் வரிசை முழுக்க அந்தக் கதவைப் பார்த்தபடிதான் நிற்கும். யார் போவார்கள்? அதனால் கூடவே நடந்தேன். வழியில் அவன் கேட்டது ஒன்றுதான்: "வீட்டுக்குச் சொல்லிடுவாங்களா?" பேசுவது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்றால்தான் வேறு யாரிடமும் சொல்வார்கள் என்றேன். ஆலோசகரும் முதலில் அதைத்தான் சொன்னார். அதன்பிறகே அவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். நான் வெளியே வந்துவிட்டேன்.

8 நாடுகளில் முதலாண்டு மாணவர்களிடம் கேட்ட ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற ஏதாவது ஒன்றின் அறிகுறி எப்போதாவது இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! என் வகுப்பில் 60 பேர். இப்போது வருகைப் பதிவெடுக்கும்போது ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். ஆனால் தேர்வுச் சமயத்தில் ஆலோசகரைப் பார்க்க 3 வாரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. தூக்கம் போனவனுக்கு அது 21 ராத்திரி.

நாம் படித்தபோது விடுதியில் நம் வசந்தி யாரிடமும் பேசாமல் 14ஆம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாளே, நாம் தட்டில் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பி வருவோம். வேறென்ன செய்யலாம் என்று நமக்கு யாராவது சொன்னார்களா? அது இன்னும் என்னை விடவில்லை.

வரும் செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் மையத்தை நூலகத்தின் பின்பக்கம் மாற்றச் சொல்லிக் கேட்கப்போகிறேன். இன்னொரு ஆலோசகரும் வேண்டும். உங்கள் கல்லூரியில் மாலையிலும் திறக்க வைத்தாயே, யாரைப் பிடித்தாய், என்ன சொல்லிக் கேட்டாய்? விவரமாக எழுது. திங்கட்கிழமைக்குள் வந்து சேரவேண்டும்.

அன்புடன்,
சாரதா