மாடியில் இன்னொரு அடுப்படி

அன்புள்ள குமார்,

மகன் கல்யாணத்துக்குள் மாடியில் தனி அடுப்படி கட்டலாமா, உங்க ஜப்பானில் எப்படி என்று போனில் கேட்டாய். ரயிலில் இருந்ததால் ஏதோ உளறி வைத்தேன். சரி, இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே சைதாமாவில் எங்கள் எதிர்வீட்டு வாசலில் அழைப்பு மணி இரண்டு, தபால் பெட்டி இரண்டு, பெயர்ப்பலகையும் இரண்டு. வந்த புதிதில் யாரோ இரண்டு குடித்தனம் என்று நினைத்தேன். கஞ்சி எழுத்து (சிரிக்காதே, அதன் பெயரே அதுதான்) கொஞ்சம் பிடிபட்ட பிறகுதான் இரண்டு பலகையிலும் ஒரே குடும்பப் பெயர் என்று தெரிந்தது. கீழே அப்பா அம்மா, மேலே மகன், மருமகள், பிள்ளைகள். இதற்கு 'நிசேதாய்' வீடு என்று பெயர். அசாஹி காசெய் கம்பெனி 1975இல் விற்க ஆரம்பித்தது, அப்புறம் மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

அதற்கு முன்னால் கதையே வேறு. பழைய சிவில் சட்டத்தில் குடும்பத் தலைவர் சம்மதிக்காமல் வீட்டில் ஒரு கல்யாணம் நடக்காது, சொத்து பெரும்பாலும் மூத்த மகனுக்கு, மருமகள் மாமியாரின் அடுப்படிக்குள் வந்து சேர வேண்டும். 1947இல் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள், ஆனால் சட்டம் போன வேகத்தில் பழக்கம் போகுமா?

எதிர்வீட்டுப் பாட்டியே சொன்னார், மேலும் கீழும் தனித்தனி அடுப்படி என்பதால் அதில் சண்டை வரவில்லையாம், குளியலால்தான் வந்ததாம். இங்கே தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்குவார்கள், ஒரே தண்ணீரில் வீடே முறைவைத்து. அந்தக் காலத்தில் மாமனார் முதலில், மருமகள் கடைசியில். காசை மிச்சம் பிடிக்கலாம் என்று குளியலறையைக் கீழே ஒன்றோடு நிறுத்திவிட்டார்கள். வேலை முடிந்து வரும் மருமகள் ராத்திரி பதினொரு மணிக்குத் துண்டோடு சத்தமில்லாமல் படி இறங்குவாள், பாட்டி விளக்கை அணைத்துத் தூங்குவதுபோல் படுத்திருப்பாராம். இரண்டு வருஷம் இப்படிப் போய், மேலே ஒரு ஷவர் வைத்த பிறகுதான் இருவரும் சிரித்துப் பேச ஆரம்பித்தார்களாம்.

இப்போது இப்படி ஒரே வீட்டில் சேர்ந்து இருப்பதும் குறைகிறது. 1980இல் வயதானவர்கள் இருந்த வீடுகளில் ஏறக்குறைய பாதி மூன்று தலைமுறை வீடுகள், இன்றைக்குப் பத்தில் ஒன்றுகூட இல்லை. 'ஸூப்பு ஆறாத தூரம்' என்று ஒரு பேச்சு இங்கே உண்டு, பிள்ளைகள் அவ்வளவு பக்கத்தில் தனியாக இருந்தால் போதுமாம். மருமகள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயத்தையும் 2000இல் வந்த முதியோர் பராமரிப்புக் காப்பீடு கொஞ்சம் தளர்த்தியது. நாற்பது தாண்டியதால் என் சம்பளத்திலும் மாதாமாதம் பிடிக்கிறார்கள், முணுமுணுத்துக்கொண்டே கட்டுகிறேன்.

பாட்டி இப்போது தனி. தாத்தா போய்விட்டார், மகனுக்கு ஒசாகாவில் வேலை, குடும்பமும் அங்கேயே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடி ஜன்னல்களைத் திறந்து வைத்து, கம்பியில் ஒரு மெத்தையை உலர்த்துகிறார், யாரும் படுக்காத மெத்தை. வாடகைக்கு விடலாமே என்றேன். மணிதான் இரண்டு, கதவு ஒன்றுதானே, படிக்கட்டு என் கூடத்திலிருந்து அல்லவா ஏறுகிறது என்றார்.

அதனால் அடுப்படி கட்டு, தயங்காதே. ஆனால் படிக்கட்டை வெளிப்பக்கம் வை, அதற்காக மேஸ்திரியோடு சண்டை வந்தாலும் பரவாயில்லை. பிளானைப் போட்டோ எடுத்து அனுப்பு, மாடியில் குளியலறை எங்கே வருகிறது என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
ரவி