வாசல் கூரைப் பணி நிறைவு: உறுப்பினர்களுக்குச் செயற்குழுவின் அறிக்கை

அன்புள்ள பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

பள்ளி வாசலிலிருந்து சிற்றுண்டிச்சாலை வரைக்கும் போட்ட கூரை முடிந்துவிட்டது. கடைசிப் பில்லுக்கும் பணம் கட்டியாகிவிட்டது. வரவு 39,897 வெள்ளி (ரிங்கிட்), செலவு 38,600 வெள்ளி, மீதி 1,297 வெள்ளி சங்கக் கணக்கில் இருக்கிறது. கணக்காய்வாளர்கள் இருவரும் ரசீது ரசீதாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட தாள் அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. எண்கள் மட்டும் போதும் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இந்தக் கூரை எதற்கு என்று ஆண்டுக் கூட்டத்தில் கேட்டவர்கள் பெரும்பாலும் பிள்ளையைத் தாங்களே காரில் வந்து ஏற்றிப்போகிறவர்கள். வேன் பிள்ளைகள் பாடு வேறு. பினாங்குத் தீவில் வீட்டு விலை ஏற ஏற, நம் குடும்பங்கள் பல அக்கரையிலுள்ள பிறைக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் குடிபோய்விட்டன. பள்ளியை மட்டும் மாற்றவில்லை. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, அக்கரையில் இன்னொரு நடை முடித்துத் திரும்புகிற வேன், 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தைத் தாண்டி வர வேண்டும். 1985இல் திறந்த பாலம். அதில் ஒரு லோரி பழுதாகி நின்றால் நம் வாசலில் முப்பது பிள்ளைகள் நிற்பார்கள். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மதியத்துக்கு மேல் பிடிக்கிற மழையைப் பற்றிப் பினாங்குக்காரர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. புத்தகப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு காவலர் கொட்டகைக்குள் நெருக்கியடித்து நின்ற பிள்ளைகளை ஓர் ஆசிரியை படம் எடுத்துக் காட்டினார். வாக்கெடுப்பு அதோடு முடிந்தது.

அனுமதி பெறும் கதையைச் சுருக்கிவிடுகிறோம். பொறியாளர் வரைபடத்துக்கு 2,800 வெள்ளி, கல்வி இலாகாவுக்குக் கடிதம், மாநகர் மன்றத்துக்குக் கடிதம், திருத்தம், மீண்டும் கடிதம். நான்கரை மாதம் போயிற்று. அந்த நான்கரை மாதமும் வீணாகவில்லை. பணம் சேர்த்தது அப்போதுதான்.

முதலில் செய்த தவறைச் சொல்லிவிடுகிறோம். பிள்ளைகள் கையில் நன்கொடை அட்டை கொடுத்தனுப்பினோம். ஒரே தாத்தா மூன்று பேரப்பிள்ளைகளின் மூன்று அட்டையிலும் பத்துப் பத்து வெள்ளி எழுதினார். அட்டை வெறுமையாகத் திரும்பியதற்காக இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று அழுதது. 1998ஆம் ஆண்டுப் பெற்றோர் ஆசிரியர் சங்க விதிமுறைப்படி தலைமையாசிரியர் சங்கத்துக்கு ஆலோசகர். அவர் எங்களைக் கூப்பிட்டு, "பெரியவங்க வேலையைப் பிள்ளைங்க தலையில வைக்காதீங்க" என்று ஒரே வரியில் முடித்தார். அட்டையில் வந்தது 2,480 வெள்ளி. இனி இந்தச் சங்கம் பிள்ளைகளிடம் அட்டை கொடுக்காது என்று குழு ஒருமனதாக முடிவு செய்திருக்கிறது. அடுத்து வரும் குழுவும் இதைக் காப்பாற்ற வேண்டும்.

உணவுச் சந்தைதான் கைகொடுத்தது: 11,240 வெள்ளி. வழக்கம்போல் மாடும் பன்றியும் இல்லாத சந்தை, அதனால் நம் மலாய் ஆசிரியைகளும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். பசெம்பூர் பதினொரு மணிக்கே தீர்ந்துவிட்டது. தோசைக் கல் காயும் நேரத்தில் எரிவாயு தீர்ந்து, வரிசையில் நின்றவர்கள் செண்டோல் கடைக்குப் போய்விட்டார்கள். அடுத்த முறை இரண்டு கலன் வைக்க வேண்டும். கூப்பன் வாங்கிவிட்டுச் சாப்பிட வராத உறுப்பினர்களுக்குத் தனி நன்றி. கணக்குப்படி பார்த்தால் எங்கள் மிகச் சிறந்த வாடிக்கையாளர்கள் நீங்கள்தான்.

பிறகு முறுக்கு. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது பள்ளி மண்டபத்தில் ஆறு அடுப்பு மூட்டினோம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்த அம்மாக்கள் சிலர் வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்து மாவு பிசைந்தார்கள். அரிசி மாவு, உளுந்து மாவு, எள், ஓமம், தேங்காய்ப்பால். யார் வீட்டு அளவு சரி என்பதில் முதல் நாள் பாதி நேரம் போனது. எழுபது போத்தல் நிரப்பி, மூடியில் டேப் ஒட்டி, அடுக்கிவைத்துவிட்டு நாங்கள் பெருமையாகப் படம் எடுத்துக்கொண்டோம். மறுநாள் காலையில் திறந்து பார்த்தால் முறுக்கு வளைகிறது. உடையவில்லை, வளைகிறது. வெளியே அடைமழை, உள்ளே நாங்கள் அவசரத்தில் சூட்டோடு மூடிய போத்தல்கள். ஆயா ஒருவர் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டுச் செயலாளரிடம் சொன்னார்: "தம்பி, ஆறாம மூடுனா முறுக்கு வேர்த்துப்போயிடும். உங்கம்மா இதைச் சொல்லித் தரலையா?" அன்றிலிருந்து அவர் அனுமதி இல்லாமல் ஒரு மூடியும் மூடப்படவில்லை. வளைந்த முறுக்கை அடுத்த இரண்டு கோத்தோங் ரோயோங்கில் (எல்லாரும் கூடிச் செய்யும் பணியில்) தேத்தண்ணியோடு நாங்களே தின்று தீர்த்தோம். மாவு, எண்ணெய்ச் செலவும் அந்த நட்டமும் போக முறுக்கில் நின்றது 6,815 வெள்ளி.

பழைய செய்தித்தாள் சேகரிப்பில் 912 வெள்ளி. சுமந்த முதுகுவலிக்கு அது போதாது, ஆனால் சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் இருந்த குப்பைமேடு காணாமல் போனது. முன்னாள் மாணவர்கள் 5,300 வெள்ளி கொடுத்தார்கள். லெபோ பாசார், லெபோ குவீன் கடைக்காரர்களிடமிருந்து 3,150 வெள்ளி. அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய ஊர் இது, இன்று மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள். ஆளுக்கொரு கடிதம் என்று எல்லாரும் அதே இரண்டு தெருவுக்குத்தான் போகிறோம். ஒரு நன்கொடையாளர் மேசையளவு மாதிரிக் காசோலையோடு வந்து படம் எடுத்துக்கொண்டார். 10,000 வெள்ளி நான்கு மாதம் கழித்து வந்தது. வந்தது, அதுவே பெரிது.

வேலை விவரம். முதலில் பேசிய குத்தகையாளர் இரண்டு மாதம் இழுத்துவிட்டு, இரும்பு விலை ஏறிவிட்டது என்று புதிய விலை சொன்னார். முன்பணம் கொடுக்காததால் தப்பித்தோம். பொருளாளரின் கெட்டிக்கைக்கு அன்று எல்லாரும் நன்றி சொன்னோம். இரண்டாவது குத்தகையாளர் பள்ளி விடுமுறையில் வெல்டிங் வேலை முழுவதையும் முடித்தார். இரும்புத் தூண், கூரை எல்லாம் சேர்த்து 29,400 வெள்ளி. வெறும் தகரம் போட்டிருந்தால் குறைந்திருக்கும். ஆனால் பக்கத்திலேயே முதலாம் ஆண்டு வகுப்பு. மழை விழுந்தால் ஆசிரியை குரல் கேட்காது. அதனால் அடியில் நுரைப் பஞ்சு ஒட்டிய தகடு வாங்கினோம். இது ஆடம்பரம் என்று குழுவிலேயே இருவர் எதிர்த்தார்கள். முதல் பெருமழையன்று அவர்களை அந்த வகுப்பில் உட்கார வைத்தோம். இப்போது எதிர்ப்பு இல்லை.

தரைக்கும் லோங்காங்குக்கும் (வடிகாலுக்கும்) 4,950 வெள்ளி. 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு தீவே தண்ணீரில் கிடந்தபோது படிந்த கறை காவலர் கொட்டகைச் சுவரில் இன்னும் தெரிகிறது. புதிய தரையை அந்தக் கறைக்கு ஓர் அடி மேலே உயர்த்தச் சொன்னோம். நீண்ட பெஞ்சுகளுக்கு 1,450 வெள்ளி.

குறை இரண்டு. கூரையைச் சற்று உயரமாகப் போட்டுவிட்டோம். காற்றோடு வருகிற மழை திடல் பக்கமிருந்து சாய்ந்து அடித்து, கடைசிப் பெஞ்சு நனைகிறது. பக்கத் திரைக்கு 4,200 வெள்ளி என்று விலை சொல்லியிருக்கிறார்கள். மீதிப் பணம் போக வேண்டியதை எப்படித் திரட்டுவது என்பதை வரும் ஆண்டுக் கூட்டத்தில் பேசுவோம். வாசல் அங்சானா மரத்தின் இலை கூரை விளிம்புத் தகரக் கால்வாயில் விழுந்து அடைக்கிறது. தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசுவுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் ஏணி போட்டுச் சுத்தம் செய்ய இரண்டிரண்டு பேர் வேண்டும். இதுவரை ஏழு பெயர் வந்திருக்கிறது, அதில் ஐந்து பேர் குழு உறுப்பினர்கள்.

கடைசியாக, முறுக்குச் சுட்ட பெரிய வடச்சட்டி ஒன்று இன்னும் திரும்பவில்லை. அடியில் சிவப்புச் சாயத்தில் சங்கத்தின் பெயர் எழுதியிருக்கும். யார் வீட்டில் இருந்தாலும் காவலரிடம் கொடுத்துவிடுங்கள், பெயர் கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயற்குழு