மே மாதம் போனால் வடதுருவ ஒளி தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த நார்வே சுற்றுலாக் கட்டுரையை என் மனைவி சத்தமாக வாசித்தாள். நான் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டேன். கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு ட்ரோம்சோ போய், இரவு வானில் பச்சையாக அலையாடும் வடதுருவ ஒளியைக் கண்டு களிக்கலாம் என்ற இடம் வந்ததும் வாசிப்பு நின்றது. இதை நம்பி யாராவது டிக்கெட் போட்டுவிடப் போகிறார்களே என்றுதான் இந்தக் கடிதம்.

ட்ரோம்சோ பூமியின் உச்சந்தலைக்குப் பக்கத்தில், வட அட்சரேகை 69 பாகைக்கும் மேலே இருக்கிற ஊர். அங்கே மே 20 வாக்கில் தொடங்கி ஜூலை 22 வாக்கு வரை சூரியன் மறைவதே இல்லை. அதற்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் சூரியன் மறைந்தாலும் சரியாக இருட்டாது. இருட்டு இல்லாமல் அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. பட்டப்பகலில் நட்சத்திரம் தேடுகிற கதைதான். செப்டம்பரிலிருந்து மார்ச் வரைதான் அதற்குக் காலம். நம் பிள்ளைகளின் விடுமுறைக்கு ஒத்து வருவது செப்டம்பர் கடைசி, காலாண்டுத் தேர்வு முடிந்த வாரம். குளிரும் ஓரளவு தாங்கும். அரையாண்டு விடுமுறையில் போனால் ஒளி கிடைக்கலாம், ஆனால் நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் எழுவதில்லை. நண்பகலில் கொஞ்ச நேரம் நீலமாக வெளுக்கும், அவ்வளவுதான்.

மே மாதம்தான் தோது என்றால் வடக்கே போகாதீர்கள். தெற்கிலேயே, கடல் மலைக்குள் நுழைந்து கிடக்கும் ஃபியோர்டு பக்கம் போங்கள். பனி உருகுகிற காலம், அருவிகள் எல்லாம் நிரம்பி விழும். நாங்கள் 2025 மே மாதம் அப்படித்தான் போனோம். எனக்கு 71 வயது, அவளுக்கு 68.

எனக்கு அந்த நாட்டின் மேல் ஆசை வந்ததே ரயிலால்தான். மேட்டுப்பாளையம்–ஊட்டி பாதையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கல்லாறு தாண்டியதும் 12 அடிக்கு ஓர் அடி ஏறும் பாதை அது. பல்சக்கரம் இல்லாமல் வண்டி நகராது. நார்வேயில் மிர்டால் என்ற நிலையத்திலிருந்து ஃப்ளோம் என்ற கடலோரச் சிற்றூருக்கு 20 கிலோமீட்டர் தூரத்தில் 860 மீட்டருக்கு மேல் இறங்குகிறது ஒரு பாதை. பெரும்பகுதி 18 அடிக்கு ஓர் அடி சரிவு. பல்சக்கரம் கிடையாது, சாதாரணத் தண்டவாளம்தான். 1940-இல் ஓடத் தொடங்கியது. மொத்தம் 20 குகைகள்; மலைக்குள்ளேயே வளைந்து திரும்புகிற குகையும் உண்டு. வழியில் ஷோஸ்ஃபோசன் அருவிக்கு எதிரே வண்டியை நிறுத்தி எல்லாரையும் இறங்கிப் பார்க்க விடுகிறார்கள். நான் அருவியைப் பார்க்காமல் பிரேக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன் என்று மனைவி இன்றும் சொல்லிக் காட்டுகிறாள்.

தலைநகர் ஒஸ்லோவிலிருந்து மேற்குக் கடற்கரை நகரமான பெர்கன் வரை போகும் பாதையில்தான் மிர்டால் இருக்கிறது. முழுப் பயணம் ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1222 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபின்சே நிலையத்தில் மே மூன்றாம் வாரத்திலும் வெள்ளை வெளேரென்று பனி. கட்டுரையில் சொன்ன 'ஒரே நாளில் நார்வே' மாதிரியான தொகுப்புப் பயணம் இதே பாதைதான். மிர்டாலில் மாறி ஃப்ளோம், அங்கிருந்து படகில் குட்வாங்கன், பேருந்தில் வோஸ், மறுபடி ரயிலில் பெர்கன். அந்த டிக்கெட்டுகளைத் தனித்தனியாகவும் வாங்கலாம், நடுவில் ஓரிரு இரவு தங்கிக்கொள்ளலாம். என்டூர் என்ற செயலியில் ரயில், பேருந்து நேரம் எல்லாம் வந்துவிடும். கோடையில் தண்டவாள வேலைக்காகச் சில பகுதிகளில் ரயிலை நிறுத்திப் பேருந்து விடுவார்கள். தேதியைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்று. 67 வயது ஆனவர்களுக்கு ரயிலில் பாதிக் கட்டணம். வெளிநாட்டவரானாலும் பாஸ்போர்ட்டில் வயதைக் காட்டினால் போதும். எங்களுக்கு டிக்கெட் போட்டுத் தந்த முகவர் இது தெரியாமல் முழுக் கட்டணம் கட்டிவிட்டார். வண்டியில் வந்த டிக்கெட் பரிசோதகர்தான் தலைமுடியைப் பார்த்துவிட்டுக் கேட்டார். திரும்பும்போது நானே போனில் எடுத்தேன்.

அப்புறம், என் சொந்தத் தவறு. மே 16 சாயங்காலம் ஒஸ்லோவில் இறங்கினோம். மறுநாள் அவர்களின் தேசிய நாள் என்பதைப் பெருமையாகக் குறித்து வைத்திருந்தவன், கடை இருக்காது என்பதை யோசிக்கவில்லை. 17 சனிக்கிழமை, 18 ஞாயிறு, அன்றும் பெரிய கடைகள் மூடித்தான் இருக்கும். இரண்டு நாளும் கையோடு கொண்டுபோன அரிசி, பருப்புப்பொடி, நல்லெண்ணெய். நெய் கொண்டு போகவில்லை. வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் அந்த நாட்டுக்குள் எடுத்துப்போகக் கூடாது. ஆனால் அந்த ஊர்வலத்தைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ராணுவம் இல்லை, டாங்கி இல்லை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் குழந்தைகள் கொடியை ஆட்டிக்கொண்டு அரண்மனை முன்னால் போகிறார்கள்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக க்ரோன்லாண்ட் பகுதியில் ஒரு தமிழ்க் கடையைத் தேடிப் போனோம். கடைக்காரப் பெண்மணி யாழ்ப்பாணம். அவருடைய அப்பா எண்பதுகளில் வந்து வடகோடியில் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்தாராம். என் மெல்லிய சட்டையைப் பார்த்துவிட்டு, "ஐயா, இஞ்ச கூடாத வானிலை எண்டு ஒண்டும் இல்லை, கூடாத உடுப்புத்தான் இருக்கு" என்றார். நார்வேக்காரர்கள் அடிக்கடி சொல்வதாம். பெர்கனில் மழை பிடித்துக்கொண்டபோது அது புரிந்தது. ஒரே தடிமனான ஸ்வெட்டர் உதவாது. உள்ளே கம்பளிப் பனியன், மேலே ஒரு ஸ்வெட்டர், அதற்கும் மேலே காற்றும் நீரும் புகாத சட்டை. குடை காற்றில் மடங்கிப்போகும்.

சமையலறை உள்ள அறையாகப் பாருங்கள். வெளியே ஒரு காபியே நம் காசுக்கு 400 ரூபாய் பக்கம் வருகிறது. குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். ஃப்ளோமில் மரக்குடில் எடுத்தோம். படுக்கை விரிப்பு நாமே கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் தனியாகக் காசு என்று பதிவுச் சீட்டில் சின்ன எழுத்தில் இருந்ததைப் போய்ச் சேர்ந்த பிறகு படித்தேன். அலுவலகம் மூடியாகிவிட்டது. அன்றிரவு என் இரண்டு எட்டு முழ வேட்டிதான் விரிப்பு. பத்து மணிக்கும் வெளியே வெளிச்சம், தூக்கமும் வரவில்லை.

விசாவுக்குப் பெரியவர்களுக்கு 90 யூரோ, 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் வரும் மே மாதத்துக்கு யோசிப்பவர்கள் இப்போதே ஆரம்பித்துவிடலாம். 2026-இல் மே 1 வெள்ளி, 14 வியாழன், 17 ஞாயிறு, 25 திங்கள் எல்லாம் அங்கே விடுமுறை. முந்தின நாளே காய்கறி வாங்கி வைத்துக்கொள்ளவும். ட்ரோம்சோ பற்றிய திருத்தத்தை அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்,
மேட்டுப்பாளையம்