அவசர அழைப்பு வானொலிக் கருவியைத் தவறாகப் பொருத்திக் கொடுத்தது குறித்த புகார்

அனுப்புநர்:
விசைப்படகு உரிமையாளர்,
தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: எங்கள் படகில் தங்கள் நிறுவனம் பொருத்திய வி.எச்.எப். வானொலிக் கருவி (கடலில் படகுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கருவி), ஆபத்து நேரத்தில் தவறான அடையாள எண்ணுடன் அழைப்பு அனுப்பியதும், பேச முயன்றபோது அணைந்து போனதும் தொடர்பாக.

ஐயா,

கடந்த பிப்ரவரி மாதம் தங்கள் நாகர்கோவில் முகவரிடம் 34,500 ரூபாய் கொடுத்து, படகில் நிலையாகப் பொருத்தும் 25 வாட் வி.எச்.எப். கருவி ஒன்றை வாங்கினேன். பொருத்துகூலியாக 4,000 ரூபாய் தனியாகப் பெற்றுக்கொண்டு, தங்கள் தொழில்நுட்பப் பணியாளரே தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்கு வந்து அதைப் பொருத்தினார். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. நான் தொலைபேசியில் முறையிட்டபோது, "பொருத்தியதில் உள்ள குறைக்கு நிறுவனம் பொறுப்பல்ல" என்று தங்கள் அலுவலகத்தில் பதில் சொன்னார்கள். பொருத்தியவர் தங்கள் ஆள். கூலி தங்கள் ரசீதில் ஏறியிருக்கிறது.

செப்டம்பர் கடைசி வாரத்தில், தங்கு கடல் தொழில் (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பது) முடித்துத் திரும்பும் வழியில், இரவு இரண்டு மணியளவில், முட்டத்துக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 18 கடல் மைல் தொலைவில், புரொப்பல்லர் தண்டு வெளியேறும் இடத்தில் இருந்த அடைப்பு விட்டுப்போய் இயந்திர அறைக்குள் தண்ணீர் ஏறியது. பம்பு இறைப்பதைவிட வேகமாகத் தண்ணீர் உயர்ந்து, அரை மணி நேரத்துக்குள் இயந்திரம் நின்றுவிட்டது. படகில் என்னுடன் ஒன்பது பேர் இருந்தோம். அந்தத் தொலைவில் செல்பேசி எடுக்காது. கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண் மனப்பாடமாக இருந்தும் பயனில்லை. எங்களுக்கு இருந்த ஒரே வாய் தங்கள் கருவிதான்.

கருவியின் சிவப்பு மூடியைத் திறந்து, ஆபத்துப் பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தேன். கருவி ஒலி எழுப்பியது, திரை மின்னியது, அழைப்பு போய்விட்டது என்று காட்டியது. அந்தப் பொத்தானை அழுத்தினால் சேனல் 70 வழியாகப் படகின் அடையாள எண், இருக்கும் இடம், நேரம் ஆகியவை சுற்றியுள்ள எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நொடியில் சென்று அங்கே எச்சரிக்கை மணி அடிக்கும் என்பதும், யாராவது ஏற்றுக்கொள்ளும் வரை நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை போலத் தானாகவே திரும்பச் செல்லும் என்பதும் நான் அறிந்தவை. நான்கு கடல் மைலுக்குள் எங்கள் ஊர்ப் படகு ஒன்று நின்றதும் தெரியும். அவர்கள் கருவியில் மணி அடித்திருக்கிறது. அடித்தும் அவர்கள் அதை நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டார்கள்.

ஏன் என்று கரைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. திரையில் அவர்கள் கண்ட எண் 123456789. இதே எண்ணோடு இதே மணி, பிப்ரவரியில் துறைமுகத்தில் தங்கள் பணியாளர் "செய்து காட்டுகிறேன்" என்று ஆபத்துப் பொத்தானை அழுத்திய அன்று, கட்டியிருந்த படகுகளில் எல்லாம் அடித்திருக்கிறது. யாரோ மறுபடி செய்து காட்டுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எண்ணியிருப்பேன். உண்மை ஆபத்து இல்லாதபோது அந்தப் பொத்தானை அழுத்தக் கூடாது என்பதை வாங்குபவருக்குச் சொல்லித்தர வேண்டியவரே அதை விளையாட்டுப் பொருளாக்கிக் காட்டியிருக்கிறார்.

எம்.எம்.எஸ்.ஐ. என்னும் ஒன்பது இலக்க எண் ஒவ்வொரு படகுக்கும் தனித்தனியாக வழங்கப்படுவது. இந்தியப் படகுகளுக்கு அது 419 என்று தொடங்கும். கப்பல், படகு எதற்கும் உரிய எண் 2 முதல் 7 வரையிலான இலக்கம் ஒன்றில்தான் தொடங்க முடியும் என்பதால், 1 என்று தொடங்கும் அந்த எண் உலகில் எந்தப் படகுக்கும் உரியதல்ல. எங்கள் அழைப்பு கரையில் உள்ள மீட்பு நிலையத்தை எட்டியிருந்தாலும், எந்தப் பதிவேட்டைப் புரட்டியும் அது யாருடைய படகு என்று கண்டுபிடித்திருக்க முடியாது. எனக்கு வழங்கப்பட்ட எண் அச்சிட்ட தாளை நான் அன்றே தங்கள் பணியாளரிடம் கொடுத்தேன். அவர் கையெழுத்திட்ட பொருத்துச் சீட்டில் "அடையாள எண் பதிவு: முடிந்தது" என்று குறிக்கப்பட்டுள்ளது, நகலை இணைத்துள்ளேன். செய்து காட்டுவதற்காக முதலில் கைக்கு வந்த எண்களை வரிசையாக அழுத்தியிருக்கிறார் என்பதும், ஒருமுறை பதிந்த எண்ணைப் பயனாளர் மாற்ற முடியாதபடி கருவி பூட்டிக்கொள்ளும் என்பதால் அதை அப்படியே விட்டுப் போயிருக்கிறார் என்பதும் என் ஊகம். என் பக்கம் ஒரு குறையும் உண்டு. கருவியின் உள்பட்டியலுக்குள் போய்ப் பார்த்திருந்தால் அந்த எண்ணை நான் கண்டிருப்பேன். ஏழு மாதம் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியல் முழுவதும் ஆங்கிலம், கையேடும் ஆங்கிலம், "முடிந்தது" என்ற சீட்டு மட்டும் தமிழ்.

பொத்தானுக்கு யாரும் பதில் தராததால், அவசர அழைப்புக்கான சேனல் 16-இல் வாயால் அழைக்க முயன்றேன். மைக்கின் விசையை அழுத்தியதும் கருவி அணைந்தது, விட்டதும் எரிந்தது. மூன்று முறையும் அப்படியே. தண்ணீர் முழங்கால் அளவு ஏறிய இருட்டில், இது கருவியின் சாவு என்றே முதலில் நினைத்தேன். பின்னர், அனுப்பும் திறனை 25 வாட்டிலிருந்து 1 வாட்டுக்குக் குறைத்து அழுத்தியபோது கருவி அணையவில்லை. உயிராபத்தை அறிவிக்கும் சொல்லான "மேடே" என்று மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, வடக்கு 7 பாகை 54 கலை, கிழக்கு 77 பாகை 6 கலை, தண்ணீர் ஏறுகிறது, இயந்திரம் நின்றுவிட்டது, ஒன்பது பேர் என்று சொல்லி முடித்து விசையை விட்டேன். அந்த மெலிந்த குரல்தான் நான்கு மைல் அப்பால் நின்ற அதே ஊர்ப் படகை எட்டியது. அவர்கள் வந்து, எங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு, அவர்களுடைய பம்பையும் கொடுத்து, படகை விடிந்த பிறகு தேங்காய்ப்பட்டணத்துக்கு இழுத்து வந்தார்கள். இன்னும் பத்து மைல் தள்ளி நின்றிருந்தால் 1 வாட்டில் அவர்களுக்குக் கேட்டிருக்க வழியில்லை.

கருவி ஏன் அணைந்தது என்பதைக் குளச்சலில் உள்ள ஓர் எலக்ட்ரீசியன் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்தார். தாங்கள் பெட்டியில் தந்த கனமான வயர் மூன்று மீட்டர். எங்கள் படகில் பேட்டரியிலிருந்து ஓட்டுநர் அறைக்கு ஒன்பது மீட்டர். மீதி ஆறு மீட்டரை நீட்டுவதற்குப் பதிலாக, தங்கள் பணியாளர் முழுத் தூரத்துக்கும் வீட்டு விளக்குக்குப் போடும் ஒரு சதுர மில்லிமீட்டர் மெல்லிய வயரை இழுத்திருக்கிறார். 25 வாட்டில் பேசும்போது கருவி ஐந்தரை ஆம்பியர் வரை இழுக்கிறது. பேட்டரி முனையில் 12.2 வோல்ட் இருந்தபோது, விசையை அழுத்திய நேரத்தில் கருவியின் முனையில் 10.4 வோல்ட்தான் வந்தது. தங்கள் கையேடு கேட்பது 13.8 வோல்ட், அதில் 15 சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம், அதாவது 11.7-க்குக் கீழே போகக் கூடாது.

இதில் தாங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. இயந்திரம் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் கொடுப்பதால், வயரில் இழந்தது போக மிச்சம் போதுமானதாக இருந்தது. ஏழு மாதமும் கருவி குறையின்றிப் பேசியது. இயந்திரம் நின்று, பேட்டரி மட்டுமே மிஞ்சும் நேரத்தில்தான் இந்தக் குறை தலைகாட்டும். பொய்யான எண்ணும் அப்படித்தான்: அன்றாடப் பேச்சுக்கு அது தேவையே இல்லை, ஆபத்துப் பொத்தானுக்கு மட்டுமே தேவை. ஆகவே "இவ்வளவு நாள் நன்றாகத்தானே வேலை செய்தது" என்ற தங்கள் அலுவலகத்தின் பதிலை நான் ஏற்க இயலாது.

வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்றும் தங்கள் அலுவலர் கூறினார். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழிலால் வாழ்வாதாரம் ஈட்டுவதற்கென்றே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கம் என்ற சொல்லிலிருந்து விலக்கியிருக்கிறது. இது என் ஒரே படகு. ஸ்ராங்காக, அதாவது படகை நடத்துபவராக, நானே ஓட்டுகிறேன். எங்கள் வீட்டில் வேறு வருமானம் இல்லை.

2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயலில் ஆட்களை இழந்த கடற்புறத்திலிருந்து எழுதுகிறேன். அதன் பிறகுதான் எங்கள் பகுதியில் பலரும், கடன் வாங்கியாவது, இத்தகைய கருவிகளை வாங்கத் தொடங்கினோம். அதே பணியாளர் அதே வாரத்தில் எங்கள் துறைமுகத்திலும் குளச்சலிலும் மேலும் சில படகுகளுக்குக் கருவி பொருத்தியதாக அறிகிறேன். அவற்றில் எத்தனை கருவிகள் 123456789 என்று கத்தக் காத்திருக்கின்றன என்பதை முதலில் பாருங்கள். என் இழப்பீடு அதற்குப் பிறகு வரட்டும்.

எனவே, என் கருவியின் எண் பூட்டைத் திறந்து எனக்குரிய எண்ணைப் பதிந்து தரவும், பேட்டரியிலிருந்து கருவி வரை தகுந்த கனமுள்ள வயரை இழுத்து, இயந்திரத்தை நிறுத்திய நிலையில் 25 வாட்டில் பேசிக் காட்டவும், அந்தப் பணியாளர் பொருத்திய எல்லாப் படகுகளுக்கும் ஆள் அனுப்பி இதே இரண்டையும் சோதிக்கவும், அவசர அழைப்பு முறையைத் தமிழில் அச்சிட்ட தாள் ஒன்றைக் கருவியுடன் வழங்கவும் வேண்டுகிறேன். பொருத்துகூலி 4,000 ரூபாயையும், ஐஸ் கரைந்து கெட்டுப்போன மீனுக்கும் இழுவைக்கு ஆன டீசலுக்கும் உரிய தொகையையும் தர வேண்டும். கணக்கும் ரசீதுகளும் இத்துடன் உள்ளன. இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். சோதனைக்கு வரும் பணியாளர் முந்தின நாளே தெரிவித்துவிட்டால், படகைக் கரையில் நிறுத்தி வைக்கிறேன்.

இப்படிக்கு,
படகு உரிமையாளர்,
தூத்தூர்.

இணைப்பு: விலை ரசீது, பொருத்துச் சீட்டு, கருவித் திரையின் புகைப்படம், எலக்ட்ரீசியனின் அளவுக் குறிப்பு, இழப்புக் கணக்கு.