மூட்டையின் மேல் எழுதுங்கள், ஐயா: தீவனத் தரம் வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தீவனத் தர அதிகாரிகளுக்கும் தீவன ஆராய்ச்சியில் இருக்கும் அறிஞர்களுக்கும்,

வணக்கம். பிண்ணாக்குத் தட்டுப்பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. கடலைப் பிண்ணாக்கையும் சோயாவையும் மட்டும் நம்பி இனி எருமைக் கன்று வளர்க்க முடியாது, மாற்றுப் புரதம் வேண்டும் என்று நீங்கள் சொல்லிவருவதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த மாற்று எது என்பதை மட்டும் கன்றுக்குப் போடுகிறவனிடம் யாரும் சொல்வதில்லை. அதற்குத்தான் இந்த மடல்.

போன மாதம் வழக்கமான கன்றுத் தீவன மூட்டை வந்தது. அதே பை, அதே நிறம், அதே ‘கச்சாப் புரதம் 20 விழுக்காடு’. என் கிடேரிக் கன்றுக்கு அப்போது மூன்றரை மாதம். தொட்டியில் கொட்டியதும் ஓடிவந்து மூக்கை வைத்தது, ‘புஸ்’ என்று ஒரு மூச்சு விட்டது, பின்வாங்கி நின்றது. அப்புறம் பசி தாங்காமல் வந்து, நாக்கால் துழாவி மக்காச்சோளக் குருணையை மட்டும் பொறுக்கித் தின்றது. அடியில் மாவு அப்படியே அப்பிக்கிடந்தது. மூன்றாம் நாள் கழிச்சல். வாரா வாரம் நாடா வைத்து நெஞ்சுச் சுற்றளவு எடுப்பேன். தொடர்ந்து மூன்று வாரம் ஒரே அளவு. தோளில் கை வைத்தால் முடி சொரசொரவென்று நின்றது.

மருத்துவர் வந்தார். குடற்புழு இல்லை என்று பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இதில் என்ன சேர்த்திருக்கிறார்கள்?” மூட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ‘தானியங்கள், பிண்ணாக்கு வகைகள், தானிய உபபொருட்கள், தாது உப்பு’. அவ்வளவுதான். விற்றவரைக் கேட்டேன், கம்பெனியைக் கேளுங்கள் என்றார். கம்பெனியைக் கேட்டேன். கலவை வணிக ரகசியம், ஆனால் புரதம் 20 விழுக்காடு உத்தரவாதம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். உமி மிதந்தது, மணல் அடியில் தங்கியது. யூரியா இருந்திருந்தால் கரைந்து போயிருக்கும், அது எங்கே கண்ணுக்குத் தெரியப் போகிறது?

அந்த 20 விழுக்காடு எப்படி வருகிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பரிசோதனைக் கூடத்தில் அளப்பது தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை. அதை 6.25ஆல் பெருக்கினால் கச்சாப் புரதம். யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன், பெருக்கிப் பாருங்கள், 287 வரும்! நூறு கிலோ தீவனத்தில் ஒரு கிலோ யூரியா கலந்தாலே மூட்டையில் கிட்டத்தட்ட மூன்று புள்ளி ஏறிவிடும். பழைய தோல் செருப்பை அரைத்து அனுப்பினாலும் உங்கள் கூடம் புரதம் ஏராளம் என்றுதான் சான்றிதழ் கொடுக்கும்.

வளர்ந்த எருமைக்கு அளவான யூரியா கெடுதல் இல்லை. அதன் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று புரதமாக்கிக் கொடுத்துவிடும். கன்றுக்கு அந்த வயிறு இன்னும் தயாராகவில்லை. ஆறு மாதத்துக்குள் யூரியா கூடாது என்று நீங்கள்தான் சொல்லித் தருகிறீர்கள். நல்லது. மூட்டையில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் அந்தப் பாடத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

என் கன்றுக்கு யூரியாதான் கெடுதல் செய்தது என்று நான் சத்தியம் செய்யவில்லை. எதுவென்றே சொல்ல முடியவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் கோசிப்பால் என்ற நஞ்சு இருக்கிறது. பெரிய மாடு அதைப் பெருவயிற்றிலேயே கட்டிப்போட்டுவிடும், கன்றால் முடியாது. கடுகுப் பிண்ணாக்கு என்றால் அதன் காரமே கன்றை விரட்டும். டிடிஜிஎஸ், அதாவது சாராய ஆலையில் மிஞ்சும் உலர்ந்த தானியச் சக்கை என்றால் மாவுச்சத்தெல்லாம் சாராயமாகப் போய், மிச்சச் சக்கையில் புரதம் மூன்று மடங்கு கூடும். சந்தோஷம். தானியத்தில் பூஞ்சை நஞ்சு இருந்தால் அதுவும் அதே மூன்று மடங்கு கூடும். கடலைப் பிண்ணாக்கும் யோக்கியமில்லை. 1960இல் இங்கிலாந்தில் பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்த பிறகுதானே அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சின் பெயரே உலகுக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம், ஒரு வரம்பு, ஒரு வயசு இருக்கிறது. எது என்று தெரிந்தால்தானே வரம்பு பார்த்துப் போட முடியும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் மாட்டின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்து மாட்டுக்கே ஊட்டினார்கள். அதனால் பரவிய, மாட்டின் மூளையை அழிக்கும் ‘மேட் கௌ’ நோயை 1986இல் அடையாளம் கண்டு, 1988இல்தான் அந்தத் தீவனத்தைத் தடை செய்தார்கள். கச்சாப் புரதக் கணக்கில் அந்தத் தூளுக்குக் குறையே கிடையாது, பாதிக்குப் பாதி புரதம்.

அதனால்தான் கேட்கிறேன். புரதம் எத்தனை என்பதோடு, எதிலிருந்து என்றும் மூட்டையில் எழுதச் சொல்லுங்கள்.

இதை ஒரு பயிற்சி முகாமில் எழுந்து கேட்டேன். “தீவனத்தையே நம்பாதீர்கள், அசோலா வளருங்கள்” என்று பதில் வந்தது. அசோலா என்பது தண்ணீரில் மிதந்து வளரும் சின்னப் பெரணி; நல்ல பொருள், நானே ஒரு தொட்டியில் வளர்க்கிறேன். உலர்ந்த எடையில் அதில் 20 விழுக்காட்டுக்கு மேல் புரதம் என்பது உண்மைதான். பறித்த அசோலாவிலோ நூற்றுக்கு 93, 94 பங்கு தண்ணீர். ஒரு கிலோ அள்ளிப் போட்டால் 15 கிராம் புரதம் தேறினால் பெரிசு. நூறு கிராமுக்கு ஏழு கிலோ வேண்டும். கன்று வளர்ப்பதா குளம் வெட்டுவதா என்று நீங்களே முடிவு செய்து சொல்லுங்கள். உங்கள் ஆராய்ச்சி முடிவுகளையும் படிக்கிறேன். ஆறு கன்று இந்தப் பக்கம், ஆறு கன்று அந்தப் பக்கம், தொண்ணூறு நாள், ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’. என் கொட்டிலில் இருப்பது ஒரு கன்று. வேறுபாடு நன்றாகவே தெரிகிறது.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. மாற்றுப் புரதமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அகத்தியும் சூபாபுல் தழையும் நானும் போடுகிறேன். சூபாபுல்லில் முடியைக் கொட்டவைக்கும் மைமோசின் என்ற நஞ்சு இருப்பது தெரியும் என்பதால் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட விடமாட்டேன், முடி கொட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். தழையின் பெயர் எனக்குத் தெரியும், அதனால் முடிகிறது.

எருமைக் கிடேரி பருவத்துக்கு வருவதற்கு வயசைவிட எடைதான் கணக்கு. முதல் வருஷத்தில் இழந்த எடையை அது பின்னால் எளிதில் பிடிப்பதில்லை. சினை தள்ளிப்போகும், பாலும் தள்ளிப்போகும். தள்ளிப்போகும் அத்தனை மாதமும் தீனி போடுவது நாங்கள்.

ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்வது இதுதான்: புரதம் எந்தெந்தப் பொருளிலிருந்து வருகிறது, ஒவ்வொன்றும் எத்தனை பங்கு, யூரியா உண்டா, உண்டென்றால் எவ்வளவு, எந்த வயசுக் கன்றுக்குப் போடலாம். இவற்றை மூட்டையின் மேல் படிக்கிற அளவு எழுத்தில் அச்சிட விதி செய்யுங்கள். கலவையை மாற்றினால் அந்த மூட்டையிலேயே ‘கலவை மாறியது’ என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். பையில் இடம் இல்லை என்று நிறுவனங்கள் சொன்னால், கொழுத்த கன்றின் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொள்ளலாம்.

அந்த மூட்டையின் எழுத்துள்ள பக்கத்தை வெட்டி இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று உங்களுக்காவது புரிகிறதா பாருங்கள்.

இப்படிக்கு,
ஓர் எருமை வளர்ப்பாளன்